கடிபடாத அதிகாரிக்கு நாய்க்கடி ஊசி

எங்கள் வீட்டு நாய் கடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் என் முன்னால் வந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். நாய் அவரைக் கடிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முந்தின நாள்தான் அவர் அதை அடித்துக் கொன்றிருந்தார்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பிறந்தது ஆரம்பாக்கம் பக்கம். கல்யாணமாகி வந்தது லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி இருக்கிற எங்கள் குப்பத்துக்கு. வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். நாய் அவருடையது. அதற்குப் பெயர் கிடையாது. அவர் "தே" என்றால் வந்துவிடும், அதற்கு மேல் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டார். செம்பட்டை நிறம், ஒரு காது எப்போதும் மடிந்தே இருக்கும். எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். தபால்காரர், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள், மகளிர் குழுப் பணம் வசூலிக்க வரும் அம்மா, யாரையும் விட்டு வைக்காது. ஆனால் பக்கத்து வீட்டு ஆடு முறைத்தால் எழுந்து இடம் விட்டுப் போய்விடும். அதனுடைய வீரம் அவ்வளவுதான். வருடா வருடம் தடுப்பூசி மட்டும் தவறாமல் போட்டு வந்தேன். என் வேலை அப்படி, நாய்க்கடியோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள்.

கருவாடு காயப் போட்டால் மட்டும் அதைக் கட்டிப் போடுவோம். இல்லாவிட்டால் பாதியைத் தின்றுவிடும். அன்றைக்கும் அதனால்தான் வலைக் கொட்டகையின் சவுக்குக் கம்பத்தில் கட்டியிருந்தது. எனக்கு வார விடுமுறை. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் மணலில் பழைய வலையை விரித்துக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் கொட்டகைக்குள் வலைப் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம், குப்பத்துக்குப் பின்னால் இருக்கிற உப்பேரியில் வலை போடுகிற இடத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கும் அக்கரை ஊர்க்காரர்களுக்கும் வாய்த்தகராறு வந்து, அது கைகலப்பாகி, அவர்களில் ஒருவருக்கு மண்டை உடைந்திருந்தது. என் கொழுந்தனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அடித்தவன் அவனில்லை, ஆனால் கத்தினவர்களில் முதல் ஆள் அவன்தான். போலீஸ் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான்.

சிமென்ட் ரோடு முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு மூன்று பேர் மணலில் நடந்து வந்தார்கள். முன்னால் சப்-இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு இளம் போலீஸ்காரர், அவருக்குப் பின்னால் லத்தியோடு வயதான ஏட்டு. ஏட்டு எங்களுக்குத் தெரிந்தவர். திருவிழா பந்தோபஸ்துக்கு வந்தபோதெல்லாம் எங்கள் வீட்டில் இறால் தொக்கு சாப்பிட்டிருக்கிறார்.

"எங்கய்யா உன் தம்பி?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், வீட்டுக்காரரிடம்.

"ஊட்ல இல்ல சார். மாமியார் ஊட்டுக்குப் போயிகிறான்."

"ஒளிச்சு வச்சிக்கிட்டுக் கதை சொல்றியா?"

"உள்ள போயி பாத்துக்கங்க சார். ரெண்டே ரூம்புதான் கீது."

நாய் அதுவரை அவர்களை எடை போட்டுக்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கொட்டகைப் பக்கம் ஒரு அடி வைத்ததும் குரைக்க ஆரம்பித்தது. அவர் தூக்கிப் போட்டதுபோல் பின்னால் துள்ளினார். பின்னால் கவிழ்த்து வைத்த பழைய போட் கிடந்தது. உடைந்த ஃபைபர் விளிம்பு கணுக்காலுக்கு மேலே கிழித்து, பேன்ட் கிழிந்து, லேசாக ரத்தம் வந்தது. தொப்பி மணலில் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஆனாலும் கேட்டுவிட்டது.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நாய் செத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிற ஒரு ஆள், கயிற்றில் கட்டின நாய்க்குப் பயந்து துள்ளியதை மீன்காரப் பொம்பளை ஒருத்தி பார்த்துவிட்டாள். அவளை அடிக்க முடியாது. நாய் பக்கத்திலேயே இருந்தது.

"நாயை விட்டு மிரட்டுறியா?" என்றார்.

"கட்டி கீது சார். கயிறு அம்மாந் தூரம் வராது" என்றார் வீட்டுக்காரர்.

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பாமலே கையை நீட்டினார். ஏட்டு லத்தியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்; அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிற மாதிரி.

முதல் அடியிலேயே நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. வயிற்றை மணலில் ஒட்டிப் படுத்து வாலை ஆட்டியது. அடிக்கிறவர் தன் எஜமானாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்ததோ என்னவோ. ஒரு நாய் அப்படிப் படுத்துவிட்டால் தெருப் பிள்ளைகள்கூடக் கல்லைக் கீழே போட்டுவிடுவார்கள். அவர் போடவில்லை. இடுப்பில் அடித்தார். திரும்பவும் இடுப்பிலேயே அடித்தார். வீட்டுக்காரர் எழுந்து ஓடியபோது அந்த இளம் போலீஸ்காரர் அவர் சட்டையைப் பிடித்துக் கொட்டகைக் கம்பத்தோடு அழுத்தினார்.

"விடுங்க சார், கட்டிப் போட்ட நாய் சார் அது" என்று நான் நடுவில் போனேன்.

"நீ யாரு?"

"இந்த வீட்டுக்காரி. நர்ஸா இருக்கேன்."

"அப்ப நீயே வைத்தியம் பாத்துக்க" என்றார். இளம் போலீஸ்காரர் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டருக்கு அந்தச் சிரிப்பு தேவையாக இருந்திருக்கும். தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டு நடந்தார். ஏட்டு லத்தியை வாங்கி, நுனியை மணலில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு பின்னால் போனார். வீட்டுக்குள் போய்க் கொழுந்தன் இருக்கிறானா என்று யாரும் பார்க்கவில்லை. எதற்கு வந்தார்கள் என்பதே மறந்துபோயிருந்தது.

நாயைச் சாக்கில் படுக்க வைத்து ஷேர் ஆட்டோவில் திருப்பாலைவனம் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வீட்டுக்காரர் மடியில் வைத்திருந்தார். பின்னங்கால்கள் இரண்டும் அசைவில்லாமல் தொங்கின. மாட்டு டாக்டர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "முதுகெலும்பு போயிடுச்சு. வச்சிருந்தா வலிதான்" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஊசி போட்டபோது அது அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பிக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தோம்.

மாலையில் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போனார். வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. நெடுநேரம் உட்கார வைத்து, பிறகு கூப்பிட்டிருக்கிறார்கள்.

"இன்னா சொன்னான் தெரிமா?" என்றார் திரும்பி வந்து. "நாய் அவனைக் கடிச்சிச்சாம். நான்தான் ஏவி வுட்டேனாம். என் மேல கேஸ் போடுவானாம்."

"எங்க கடிச்சதாம்?"

"கால்ல. போட்ல கீய்ச்சிகினானே, அந்த எடத்தைக் காட்றான். காலைல ஆஸ்பத்திரிக்கிப் போயி ஊசி போட்டுக்கினு சர்ட்டிபிகேட் வாங்கியாறானாம்."

எங்கள் பக்கத்துக்கு ஆஸ்பத்திரி என்றால் நான் வேலை செய்கிற இடம்தான். அதைச் சப்-இன்ஸ்பெக்டர் யோசித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை வந்தார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். தாய்மார்கள் வராந்தா நிறைய உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு டாக்டரிடம் போய் நாய்க்கடி என்றார். எங்கள் டாக்டர் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர். எதையும் புத்தகப்படி செய்கிறவர்.

நான் சொன்னேன்: "டாக்டர், அது எங்க வீட்டு நாய். கடிக்கலை. நான் பக்கத்துலதான் இருந்தேன். போட் விளிம்பு கிழிச்சது. நாய்க்குத் தடுப்பூசியும் போட்டிருக்கேன்."

"கடிச்சதுன்னு நான் சொல்றேன்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "எனக்குத் தெரியாதா?"

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், போட் கிழிச்சதுன்னா ஒரு டி.டி. ஊசி போதும். நாய்க்கடின்னா ரத்தம் வந்திருக்கறதால காயத்தைச் சுத்தி உள்ளேயே மருந்து போடணும். கையில தனியா நாலு தவணை. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"நாய்க்கடி."

"அந்த நாய் உயிரோட இருக்கா? இருந்தா கொஞ்ச நாள் கவனிச்சுட்டு மீதி ஊசியை நிறுத்திடலாம்."

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பேன்ட் மடிப்பைச் சரிசெய்தார். கூட வந்திருந்த ஏட்டுதான், "செத்துட்டுது டாக்டர்" என்றார்.

"அப்ப முழுசாப் போட்டாகணும்" என்றார் டாக்டர்.

முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். கால் மணி நேரமாவது. வராந்தா ஓரத்துக் குழாயடியில், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் பார்க்க, அவர் ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு நின்றார். பாதிப் பேர் எங்கள் குப்பத்துக்காரர்கள். ஒருத்தியும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

காயத்துக்குள் டாக்டர் மருந்தை ஏற்றியபோது சப்-இன்ஸ்பெக்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் போட வேண்டியது நான். எல்லோருக்கும் எப்படிப் போடுவேனோ அப்படியே போட்டேன். கொஞ்சம் அழுத்திக் குத்தியிருக்கலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா பிறகு கேட்டாள். அப்படிச் செய்ய எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் இருந்தால் தோன்றியிருக்கும். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காகத் தேவையில்லாத ஊசிக்குத் தானே கையை நீட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, கண்ணை மூடிக்கொள்கிற ஆள்மீது கோபப்பட என்ன இருக்கிறது? தரையில் எதையோ மிதித்துவிட்டால் செருப்பைத் தேய்ப்போமே, அப்படி ஒரு உணர்ச்சிதான் வந்தது.

இரண்டாம் தவணைக்கு ஏட்டை அனுப்பி, "ஸ்டேஷனுக்கு வந்து போட முடியுமான்னு ஐயா கேக்கறார்" என்று சொல்ல வைத்தார். முடியாது என்றேன். ஏட்டு போகாமல் நின்றார். "நான் என்னம்மா பண்றது, அவர் ஆபீசர்" என்றார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இதற்கிடையில் வீட்டுக்காரர் மேலதிகாரிக்கு மனு கொடுத்திருந்தார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு அதிகாரி ரொம்ப மரியாதையாக உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, "என்ன ஜாதி நாய்?" என்று கேட்டாராம்.

"நாட்டு நாய் சார்."

"நாட்டு நாய்தானா? வேணும்னா ஒரு நல்ல குட்டியா வாங்கித் தரச் சொல்றேன். இதைப் பெருசு பண்ணாத."

வீட்டுக்காரர் டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். "லத்தி எடுத்தவனைக் கூட பொறுத்துக்கலாம்மே" என்றார் என்னிடம். "இவன் சிரிச்சிகினே பேசறான்." விசாரணை அதோடு முடிந்தது. அவர் மேல் போடுவதாகச் சொன்ன கேஸும் வரவில்லை. கொழுந்தன் ஊர்ப் பெரியவர்களோடு போய்ச் சரணடைந்து, ஜாமீனில் வந்து, இன்னும் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறான்.

கடைசித் தவணைக்குச் சப்-இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். நல்ல மாதிரியான பெண். ஊசி போட்டு முடித்ததும் என்னிடம் வந்து, "ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர். இவர் பட்ட பாடு சொல்லி முடியாது. அவ்ளோ பெரிய நாயாம், வேணும்னே அவிழ்த்து விட்டுட்டாங்களாம். நெஞ்சு வரைக்கும் பாஞ்சிருக்கு. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல" என்றார்.

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட முயன்றுகொண்டிருந்தார். பட்டன் நுழையவில்லை.

"எங்க வீட்டு நாய்தாங்க அது" என்றேன். "அவிழ்த்து விடலை. கட்டித்தான் போட்டிருந்தோம்."

"கட்டியா?"

"ஆமாங்க. அவர் அடிச்சதுல முதுகெலும்பு முறிஞ்சு அன்னைக்கே செத்துடுச்சு."

அந்தப் பெண் கணவரைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த போலியோ சொட்டு மருந்து விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று அந்தப் பெண்ணும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். ஸ்டேஷனில் என் வீட்டுக்காரரிடம் அத்தனை சத்தமாகப் பேசியவர், வீட்டில் பெண்டாட்டியிடம் சொன்ன பொய்யை இங்கே இன்னொரு தடவை சொல்ல முடியாமல் நின்றார்.

"நேரமாச்சு, வா" என்றார் கடைசியில்.

அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வெளியே போனார். வண்டி பக்கத்தில் நிற்காமல் பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்தார். சப்-இன்ஸ்பெக்டர் வண்டியை ஸ்டார்ட் செய்து மெதுவாக அவருக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் ஏறினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

சில மாதம் கழித்து அவருக்கு மாற்றல் வந்தது. நாயால் அல்ல, வழக்கமான மாற்றல்தான். வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்தியதை யாரோ போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். கீழே ஒருவர் 'நேர்மையான அதிகாரி' என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். அன்றைக்கு வலையில் வஞ்சிரம் விழுந்திருந்தது. அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.