என் சட்டை நூலை எரித்துப் பார்த்தேன்

முதுகு அரிப்புக்குச் சுத்தமான பருத்திச் சட்டை போடச் சொன்னார் டாக்டர். இத்தனை வருடமும் அதைத்தானே போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று மனைவியுடன் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சட்டையின் உள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். காகிதம்போல் எரிந்து சாம்பலாய் உதிர்ந்தது.

"பியூர் காட்டன் சார்."

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. என் சட்டையின் கீழ் ஓரத்தில் ஒரு நூலை உருவினேன். தையல் நூல் இல்லை, துணியின் நூல்தான் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

"இதையும் கொஞ்சம் பாக்கலாங்களா?"

அது சுருண்டு எரிந்து, முனையில் கடுகுபோல் கெட்டியாக நின்றது.

"பாலியஸ்டர் கலந்திருக்கு சார். அதான் வேர்வைய இழுக்காது."

என் சட்டைகளையெல்லாம் எடுத்துத் தருகிற மனைவியைப் பார்த்தேன்.

"மிக்ஸிங்னா கசங்காதுங்க, சீக்கிரம் காஞ்சிடும். காட்டன் எடுத்தா தெனம் யாரு இஸ்திரி போடறதாம்?"

"நான்" என்றேன். கடைக்காரரே சிரித்துவிட்டார்.

இப்போது கடலூர் பேருந்தில், மடியில் இரண்டு பருத்திச் சட்டைகள். இஸ்திரி போடும்போது முதலில் தேய்ப்பது காலரையா, கையையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியிடம் கேட்கத் தைரியமில்லை.