கமர்கட்டும் மூன்றாவது சிவப்பு அட்டையும்

நான் உதைத்த பந்து நான் நினைத்த பக்கம் போனதாகச் சரித்திரமே கிடையாது. ஒருமுறை கோல்கீப்பராக நிறுத்திப் பார்த்தார்கள். வந்த பந்தை மூக்கால் தடுத்தேன். அன்றைக்கே எங்கள் பாலக்கோட்டு அணி என்னை ஒருமனதாக மேனேஜர் ஆக்கிவிட்டது. செல்போன் ரிப்பேர் கடையில் பகலெல்லாம் வெட்டியாக உட்கார்ந்திருப்பது என் கூடுதல் தகுதி.

அணியில் நிஜமாகவே ஆடத் தெரிந்தவன் ஒருவன்தான், எங்கள் ஃபார்வேர்டு. பந்து அவன் காலில் பட்டால் வளர்த்த நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடும். கோளாறு காலில் இல்லை, வாயில். காலையில் தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறவன் அவன். அங்கே ஒருவர் விலை சொன்னால் அது முடிவல்ல, ஆரம்பம். மூன்றாம் தரம் கூவும் வரைக்கும் இழுக்கலாம். ரெஃபரியின் விசிலையும் அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

"மஞ்சளு எதுக்குங்க சார்? சும்மா வாயால திட்டி வுடுங்க, கட்டுப்படியாவும்."

"போய்யா அந்தாண்ட!"

"செரி, ஃப்ரீ கிக் குடுத்துக்குங்க, அட்டைய உள்ள வைங்க. இதுக்கு மேல எறங்க முடியாதுங்க."

பேரம் சிவப்பில் முடிந்தது. இப்படி இரண்டு முறை. போட்டி நடத்துகிறவர்கள் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு சிவப்பு வாங்கினால் ஒரு வருஷத்துக்கு அவன் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. அவன் இல்லாத எங்கள் அணி என்பது வரிசையாக நட்டு வைத்த பத்துக் கம்பம். பென்னாகரத்தில் இறுதி ஆட்டம் வேறு பாக்கி.

வெளிநாட்டு மேனேஜர்கள் இந்த மாதிரி ஆட்களை எப்படி மேய்க்கிறார்கள் என்று, ரிப்பேருக்கு வந்த போன்களிலேயே வீடியோ பார்த்துப் படித்தேன். ஒருவர் ஆட்டக்காரனின் தோளில் கை போட்டுக் காதில் ஏதோ சொன்னார். நானும் போட்டேன்.

"கைய எடுங்ணா. பெட்டி தூக்குன தோளு, வலிக்குது."

இன்னொருவர் கண்டிப்பானவர், வெளியே உட்கார வைத்தார். நானும் வைத்தேன். இவன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு எங்கள் ஆட்களையே ஏலம் விட ஆரம்பித்தான். "ஓட்டம் வராத பேக்கு ஒண்ணு இருக்கு, கேக்கறவங்க கேளுங்க! ஒரு தரம்!" எங்கள் கோல்கீப்பர் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த நேரம் பார்த்து கோல் விழுந்தது.

மூன்றாவது வழி எந்த வீடியோவிலும் இல்லை. பக்கத்துப் பெட்டிக் கடையில் பல்லோடு ஒட்டுகிற கமர்கட்டு மிட்டாய் ஒன்று வாங்கி வாயில் போட்டிருந்தேன். வந்த வாடிக்கையாளர் என்னென்னவோ கேட்டார். "ம்ம்" தவிர என்னிடமிருந்து எதுவும் வரவில்லை. "திமிரு புடிச்சவன்" என்று திட்டிவிட்டுப் போனார். எனக்கு ஞானம் பிறந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முன்பு அவன் வாயில் ஒன்றைத் திணித்தேன்.

"கடிக்கக் கூடாது, முழுங்கக் கூடாது. ரெஃபரிகிட்ட எதுத்துப் பேசக் கூடாது. கம்முனு ஆடு."

"ம்ம்."

ரெஃபரி ஒரு பி.டி. வாத்தியார். தோட்டத்தில் தக்காளியும் போடுகிறவர், ஏலத்துக்கு எங்கள் மண்டிக்குத்தான் கொண்டுவருவார். அவர் தப்பாக ஒரு ஃபவுல் கொடுத்தார். இவன் "ம்ம்ம்!" என்றான். மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் வீடியோ மேனேஜர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இடைவேளையில் இன்னொரு கமர்கட்டு போட்டு அனுப்பினேன்.

ஆட்டம் முடிகிற நேரம். நாலு பேரை ஏமாற்றி கோல் அடித்தான். சந்தோஷத்தில் வாயைத் திறந்து ஒரு கூவல். கமர்கட்டு பறந்துபோய் ரெஃபரியின் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

துப்பிவிட்டான் என்றே அவர் நினைத்தார். கை சட்டைப் பைக்குப் போனது. மைதானத்துக்குள் ஓடினேன்.

"சார், சார்! எச்சி இல்லைங்க, கமர்கட்டு! உங்ககிட்ட வாய் குடுக்கக் கூடாதுன்னு நாந்தாங்க போட்டேன்!"

"அப்ப போடலன்னா திட்டுவானா?"

"திட்ட மாட்டாங்க. பேரம் பேசுவான்."

அவர் அதைச் சட்டையிலிருந்து பிய்த்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"செவப்பு வாணாங்க சார். மஞ்சளா போட்டுக்குங்க. சட்டைய வேணா நானே தொவச்சித் தரேன்."

சொன்ன பிறகுதான் நானும் ஏலத்தில் இறங்கிவிட்டது புரிந்தது.

"வாயில போட்டது யாரு?"

"நாந்தாங்க."

"கேக்காம கிரவுண்டுக்குள்ள ஓடியாந்தது?"

"அதுவும் நாந்தாங்க."

சிவப்பு அட்டையை என் மூக்குக்கு நேராகத் தூக்கினார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கெளம்புங்க மேனேஜரு."

நியாயம் கேட்க வாயைத் திறந்தேன். என் தோளில் ஒரு கை விழுந்தது. எங்கள் ஃபார்வேர்டு காதோரம் குனிந்து, "எதுத்துப் பேசக் கூடாதுங்ணா. கம்முனு போங்க" என்றான். என் பையிலிருந்த கடைசிக் கமர்கட்டை எடுத்து என் வாயிலேயே திணித்தான்.

மிச்ச ஆட்டத்தைக் கயிற்றுக்கு வெளியே, தக்காளி வண்டி மேல் ஏறிப் பார்த்தேன். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். அவனுக்கு ஒரு மஞ்சள்கூட இல்லை. கோப்பை கொடுக்கும்போது என்னிடம் மைக்கை நீட்டி, இப்படிப்பட்ட ஆட்டக்காரரை எப்படிச் சமாளித்தீர்கள், நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள்.

"ம்ம்" என்றேன்.