பொய்க்காரி வீட்டு பிரிட்ஜ்

எங்கள் கட்டடத்துக்கு வந்து 'பொய்க்காரி வீடு எது?' என்று கேட்டால், பால் பல் விழாத குழந்தைகூட மூன்றாவது மாடியைக் கைகாட்டும். அந்தப் பட்டப்பேரை வைத்தது யார் என்று கேட்டால்தான் ஒருத்தருக்கும் நினைவில்லை. வைத்தவன் நான். இந்த நாக்கை வைத்துக்கொண்டு, பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் தமிழ்ச் சங்கச் செயலாளர் என்று இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்திருக்கிறேன், பாருங்கள்.

அந்த மூன்றாவது மாடி அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வார்டு வார்டாகப் போய் அழுக்கு விரிப்புகளை அள்ளி வண்டியில் போட வேண்டும், வெளுத்து வந்ததை மடித்துக் கொண்டுபோய் விரிக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் ரேகையே அழிந்துவிட்டது. வீட்டுக்காரர் வாய் திறக்காத மனுஷன். அதனால் அந்த வீட்டுப் பேச்சு முழுக்க அக்காவுடையது, அதில் பாதி பொய்.

"எங்க வீட்டுக்காரருக்கு இந்த அரிசி ஒத்துக்கல, நீ வச்சுக்கோம்மா" என்பாள். அவர் இருபது வருஷமாக அதைத்தான் சாப்பிடுகிறார். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமாம், ரெண்டு டப்பா எண்ணெயை வச்சுக்கிட்டு நான் என்ன குளிக்கவா போறேன்?" என்பாள். அப்படி ஒரு கடை இந்தப் பக்கத்திலேயே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அக்கா சோற்றையும் பூசணிக்காயையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

நான் நேர்மாறு. குடோனில் ஸ்டோர் கீப்பர். எழுத்தில் இல்லாத சாமான் என்னைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. அக்கா என்னை 'ரிஜிஸ்டர் தம்பி' என்று கூப்பிடுவாள். அவள் வைத்த பேரில் கேலி இருந்தது, விஷம் இல்லை.

இந்த வருஷம் எங்கள் ஆட்கள் தலையில் இடி விழுந்தது. பாதிப் பேருக்கு வேலை கொடுத்த துப்புரவுக் கம்பெனியை ஒரே நாளில் மூடிவிட்டார்கள். வேலை போனால் விசாவும் போச்சு. வேறு இடத்தில் வேலை செய்தால் பிடித்து முகாமில் அடைப்பார்கள், செய்யாவிட்டால் அடுப்பு எரியாது. மூன்று கட்டடங்களில் நாற்பது குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஜனங்களைக் குறை சொல்லக் கூடாது. சங்கம் வாய் திறந்து கேட்டதும் வந்து குவித்துவிட்டார்கள். நம் பாஷை தெரியாதவர்கள்கூடக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அரிசி, பருப்பு, போர்வை, பால் பவுடர் டின் என்று சங்க அறையில் கால் வைக்க இடமில்லை. நான் புது ரிஜிஸ்டர் போட்டேன். வீட்டு எண், ஆட்கள் எத்தனை, தேவை, தேவையில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது என்று முடிவானது.

"எனக்கும் ஒரு கட்டடம் கொடு தம்பி" என்றாள் அக்கா.

"உங்களுக்கா? லிஸ்ட்டுன்னா உண்மை இருக்கணும்கா. நீங்க எழுதினா, இல்லாத வீட்டுல எட்டுப் பேர் இருப்பாங்க."

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். "சரிப்பா, நான் மூட்டை பிரிக்கறேன். ஒண்ணே ஒண்ணு. யாரையும் வாசல்ல நின்னு கேட்காத. ஒரு வாய் தண்ணி கேட்டு உள்ள போ. பாத்திரம் கழுவற தொட்டியைப் பாரு. அது காஞ்சு கிடந்தா அடுப்பு எரியலன்னு அர்த்தம்."

"நான் என்ன துப்பறியவா போறேன்?" என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது. கைதட்டலுக்கு அலைகிற புத்தி எனக்கு.

பின்கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரு பெண். கைக்குழந்தைக்காரி. புருஷனை முகாமில் வைத்திருந்தார்கள். கதவைப் பாதி திறந்து நின்றாள். நான் வாசலிலேயே பேனாவைத் திறந்தேன்.

"சாப்பிட்டாச்சாம்மா?"

"ஆச்சுண்ணே."

"ஏதாவது தேவைப்படுதா?"

"இப்போதைக்கு ஒண்ணும் வேணாம்ணே. எங்களைவிட கஷ்டப்படறவங்களுக்குக் கொடுங்க."

அடடா, எவ்வளவு பெருந்தன்மை என்று மெச்சிக்கொண்டே 'தேவையில்லை'யில் டிக் அடித்தேன். நம் ஆட்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்றுதான் வரும். நாலு நாள் பட்டினி கிடந்தவனும் அதைத்தான் சொல்வான். அது பதிலே இல்லை, பழக்கம். அதை ஒரு கேள்வி என்று நம்பி, வந்த சொல்லை ரிஜிஸ்டரில் ஏற்றிய மடையன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நான் டிக் அடித்த ஒன்பதாம் நாள் அக்கா குழந்தைகள் வார்டில் விரிப்பு மாற்றப் போயிருக்கிறாள். கட்டிலில் அந்தக் குழந்தை. கையில் ஊசி, மூக்கில் குழாய். பால் பவுடர் தீர்ந்துவிடக் கூடாதே என்று தாய்க்காரி வழக்கத்தைவிட மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். உடம்பில் உப்பு குறைந்து வலிப்பு வந்துவிட்டது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். சங்க அறையில் அறுபது டின் பால் பவுடர் என் கையெழுத்தோடு பத்திரமாக இருந்தது.

அக்கா சலவைக்கூடத்து உடுப்போடு நேரே சங்க அறைக்கு வந்தாள். ரிஜிஸ்டரைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இந்த வீட்டுக்குத் தேவையில்லைன்னு எழுதினது யாரு?"

"நான்தான்கா. அந்தப் பொண்ணேதான் ஆச்சுன்னு சொல்லிச்சு."

"நீயும்தானே அப்படிச் சொன்ன?"

அவ்வளவுதான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏஜென்ட்டை நம்பி இந்த ஊருக்கு வந்து இறங்கினேன். வேலை என்று ஒன்று கிடையவே கிடையாது. பாயும் பெட்டியும் மட்டும் உள்ள ஒரு அறையில், குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாலு நாள் கிடந்தேன். அப்போது அக்கா எதிர் அறைக்காரி. கதவைத் தட்டி, "சாப்பிட்டியா தம்பி?" என்றாள். "ஆச்சுக்கா" என்றேன். "நல்லது. எங்க வீட்டு பிரிட்ஜ் கெட்டுப்போச்சு. இந்தப் பாத்திரம் உன் ரூம்ல இருக்கட்டும், நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள்.

என் அறையில் பிரிட்ஜா இருந்தது? பாயில் வைத்தால் சோறு கெடாதா? கேட்கவில்லை. கேட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாளே! போகும்போது, "கெட்டுப்போற மாதிரி இருந்தா நீயே தின்னுடுப்பா, குப்பையில கொட்டாத" என்றாள். பதினேழு நாள் அவள் பிரிட்ஜ் கெட்டுக்கிடந்தது. வேலை கிடைத்ததும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் வீட்டில் பிரிட்ஜே இல்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு காசு பார்த்ததும், "யார் தயவும் இல்லாம சொந்தக் கால்ல நின்னவன் நான்" என்று சபையில் பேச ஆரம்பித்தேன். உண்மை எங்கே வெளியே வந்துவிடுமோ என்று பயம். ஒரு பிறந்தநாள் விருந்தில் அந்தக் கதையை அக்கா யாரோ ஒரு பையனுக்குச் செய்த மாதிரி சொல்லி, "பிரிட்ஜே இல்லாம பிரிட்ஜ் கெட்டுப்போச்சாம்! சரியான பொய்க்காரி!" என்று முடித்தேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அக்கா பக்கத்துச் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது. அவளுக்குக் கேட்டிருக்காது, கேட்டிருக்காது என்று அன்றிலிருந்து என்னை நானே ஏமாற்றிக்கொண்டு வருகிறேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. வீடு திரும்பிய அன்று நான் பின்கட்டடத்துக்குப் போனேன். ரிஜிஸ்டர் எடுத்துப் போகவில்லை, பால் பவுடர் டின்களைத்தான் தூக்கிப் போனேன். ஒரு வாய் தண்ணீர் கேட்டேன். உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. நான் பொய் சொல்லிப் பழகாதவன் இல்லை, அடுத்தவருக்கு நல்லது செய்கிற பொய் மட்டும்தான் எனக்கு வராது. "சங்கத்துல எலி வந்துடுச்சும்மா, இந்த டின்னெல்லாம் இங்க இருக்கட்டும்" என்று உளறினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், டின்களைப் பார்த்தாள். "சரிண்ணே, எலி போனதும் வாங்கிக்குங்க" என்றாள். டின் எலிக்கு என்ன பயப்படும்? அவளும் கேட்கவில்லை.

மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போனேன். வாசலில் நிற்க வைக்காமல், அக்கா ஒரு விரிப்பின் இரண்டு மூலையை என் கையில் கொடுத்தாள்.

"சும்மா நிக்காத, பிடி. கோணாம மடிக்கணும்."

பிடித்தேன். ஒரு மடிப்பு ஆயிற்று.

"அக்கா, அப்ப உங்க வீட்டுல பிரிட்ஜே இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

"அதுவா? ரிப்பேருக்குப் போயிருந்துச்சு தம்பி" என்றாள், இழுத்து உதறிக்கொண்டே.

"உங்களுக்குப் பொய்க்காரின்னு பேர் வச்சது நான்தான்கா."

மடிப்பு மடிப்பாக அவள் என் பக்கம் வந்தாள். விரிப்பு சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் இருவர் கைகளும் முட்டின. என் கையிலிருந்த மூலையை வாங்கிக்கொண்டாள்.

"அப்படியா?" என்றாள். "எனக்குத் தெரியவே தெரியாதே!"

அன்றைக்குப் பாத்திரத்தை வாங்கிக்கொண்ட மாதிரியே, அதையும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.