அவன் உயரத்துக்கு வைக்கோல்

சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயத்தில் எல்லையில் சண்டை நடந்தது. என் நண்பன் அங்கே லெப்டினன்ட். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். குண்டு விழுந்து பனிமலை சரிந்ததில் அவன் நின்ற இடமே மூடிப்போய்விட்டது என்றார்கள். தோண்டிப் பார்த்தார்கள். உடல் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என் அம்மா அவன் வீட்டு வயலில் நடவுக்குப் போனவர். ஆனாலும் அவன் எங்கள் வீட்டு அடுப்படி வரை வந்து, "அம்மா, கருவாட்டுக் குழம்பு இருக்கா?" என்று கேட்டுச் சாப்பிடுவான்.

உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் ஆள் கட்டி எரித்துவிட்டுக் கருமாதி செய்வது அவன் வகையறாவில் வழக்கம். அவன் தாய்மாமா அதைச் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். அவன் அம்மா தம்பியென்றும் பார்க்கவில்லை.

"மாட்டுக்குப் போடுறதுல எம்புள்ளயச் செய்வியாடா? போடா, பெரிய மனுசன் வந்துட்டான்."

"எத்தன நாளைக்குக்கா இப்படியே? அவன் போய்ச் சேர வேணாமா?"

"எங்க போய்ச் சேரணும்? வீட்டுக்குத்தானே வரணும்?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அறுவடை வரை யாரும் பேச்செடுக்கவில்லை. தை கடைசியில் அவன் அப்பா, "திதின்னு கும்பிட எனக்கு ஒரு நாளாவது வேணும்மா" என்றார். அவன் அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வைக்கோல் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லா வயலிலும் மெஷின் அறுப்பு. அந்த வைக்கோல் நொறுங்கிக் கிடக்கும், கயிறாக முறுக்கிப் பிரி திரிக்க வராது. எங்கள் குத்தகை வயலில் மெஷின் இறங்க முடியாத ஒரு சேற்றுப் பள்ளத்தை மட்டும் என் அம்மா அரிவாளால் அறுத்திருந்தார். நீளமான நெல்தாளாகப் பொறுக்கித் தட்டிக் கட்டிக் கொடுத்தார். பைக்கின் பின்னால் வைத்துக் கொண்டுபோனேன்.

கொல்லையில் மாமா ஆள் கட்டினார், நான் பிரி திரித்துக் கொடுத்தேன். தலை, தோள், கால் என்று ஒரு வடிவம் வந்த நேரத்தில் அவன் அம்மா கொல்லைப்படி இறங்கி வந்து பார்த்தார்.

"என்னடா இது? எம்புள்ள இவ்வளவுதானா?"

"உத்தேசமாத்தான்க்கா."

"ஒம் மருமவன் ஒசரம் ஒனக்கு உத்தேசமாத்தான் தெரியுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ எந்திரி. நிமிந்து நில்லு. கூனாதடா."

நின்றேன். என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அதைக் கொஞ்சம் மேலே தூக்கினார்.

"இவனை என்னன்னு கூப்புடுவான் தெரியுமாடா? குட்டக் கத்திரிக்கா!"

மாமா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. "ஷூவப் போட்டுக்கிட்டு அளப்பாம்மா, கள்ளாட்டம்."

"வெறுங்காலோட நின்னாலும் ஒன்னவிட ஒசரம்தான், போடா."

கையை அவர் இறக்கவில்லை. அது என் கண்ணில் படவில்லை; வளையல் சத்தம் மட்டும் தலைக்கு மேலே லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்க்கவும் மனசு வரவில்லை. குதிகாலைத் தூக்கினால் தலை அந்தக் கையில் முட்டும். தூக்காமல் நின்றேன். அங்கே இருக்க வேண்டியது என் தலை இல்லை.

மாமாதான் மெதுவாக, "அக்கா, சரி, அவுத்துட்டுக் கட்டுறேன்" என்றார்.

அவன் அம்மா தரையில் உட்கார்ந்து தாளைக் கையில் எடுத்துத் திரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவன் அப்பாவும் வந்து எதிரில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கட்டி முடித்ததும் எரிக்கத்தான் போகிறோம். அது தெரிந்தே எல்லார் கையும் மெதுவாகப் போயிற்று. நானும் நன்றாக முறுகிய ஒரு பிரியைச் சரியில்லை என்று பிரித்துவிட்டு மறுபடி திரித்தேன்.

"தோளு போதுமாக்கா?" என்றார் மாமா.

அவன் அம்மா இரண்டு கையாலும் அந்தத் தோளைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் வை."