ஏகாம்பரம் மாற்றி ஓட்டிய ரீல்

சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் ஏகாம்பரம் வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் காலமானார் என்று, கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் முருகேசன் வந்து சொன்னபோது காரியமே முடிந்திருந்தது. "உங்களாண்ட சொல்லாம உட்டுட்டாங்களா சார்?" என்று கேட்டார். அவரோடு பழகியவர்களுக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தெரிந்ததா, நானாக நினைத்துக்கொண்டதா என்பதில் எனக்கே தெளிவில்லை.

கல்லறையிலிருந்து எழும் சீமாட்டியைப் பற்றிய அந்த இங்கிலீஷ் பேய்ப்படத்தின் மூன்று பாகங்களையும் நம் ஊரில் ஓட்டியவர் அவர்தான். மூன்றாவது வந்தது ஓர் அமாவாசை மேட்னியில். தறி நிற்கும் நாளாதலால் நெசவாளர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் இரண்டிலும் கல்லறையைத் திறப்பார்கள், அவள் எழுவாள், அதன் பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். இதிலோ, முதலில் விருந்து மேசையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு கல்லறையைத் திறந்தால் உள்ளே கிடக்கிறாள். கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியாரான நான் அன்று மாலையே மூன்றையும் ஒப்பிட்டு, காரணம் சொல்லாமல் பயமுறுத்தும் மூன்றாவதே சிறந்தது என்று வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஏகாம்பரம் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "நாலாவது ரீலுக்கு முன்னால அஞ்சாவத மாட்டிட்டேன் சார். எவனோ மொதலாளியாண்ட வத்தி வச்சிட்டான். வேல போயிடும்."

முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னை வரவழைத்துக் கேட்டார்: "வாத்தியாரே, படமே அப்பிடித்தானா?" உண்மையைக்கூட உரக்கச் சொல்லிப் பழகாதவன் நான். "படமே அப்படித்தான்" என்றேன். வேலை தப்பியது. ஆனால் நான் சொன்னதாலேயே, வாரம் முழுவதும் அதே வரிசையில் ஓட்ட வேண்டியதாயிற்று.

பிறகு சென்னையில் அந்தப் படத்தைச் சரியான வரிசையில் பார்த்தேன். முதல் இரண்டின் நகல்தான். கொட்டாவி வந்தது. நான் எழுதியது எந்தப் படத்தைப் பற்றி என்றே தெரியவில்லை என அவரிடம் சொன்னேன். அவர் புரொஜெக்டரில் வெளிச்சத்துக்கு எரியும் கார்பன் குச்சியை மாற்றிக்கொண்டே சிரித்தார்.

"மூணையும் நான்தான சார் ஓட்டினேன். அவ எப்ப எழுந்திருப்பான்னு ஜனங்களுக்கு மனப்பாடம். ஒரு தபாவாவது தெரியாம இருக்கட்டுமே."

அப்படியானால் வேண்டுமென்றே செய்தாரா? அல்லது என்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொன்னாரா? வேலையைப் பணயம் வைக்கும் ஆளாக அவர் எனக்குத் தோன்றியதில்லை. கேட்க வாயெடுத்தேன், அடுத்த காட்சிக்கு மணி அடித்துவிட்டது. அதன் பிறகும் பல வருடம் பார்த்துக்கொண்டோம், கேட்கவில்லை. வெறும் கைத்தவறு என்று சொல்லிவிட்டால் என் நான்கு பக்கம் என்னாகும் என்ற பயம்தான்.

இனிக் கேட்க வழியில்லை. என்னிடமுள்ள கட்டுரைப் படியைத் திருத்த நேற்று உட்கார்ந்தேன். படத்தை இயக்கியவரின் பெயருக்குக் கீழே 'ஓட்டியவர் ஏகாம்பரம்' என்று சேர்த்தேன். மூன்றாவதே சிறந்தது என்ற வரியை அப்படியே விட்டுவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வரிதான். அது சரியா என்று எனக்குத் தெரியாது.