மூன்றடி குறைந்த ராணுவ லாரி

என் அக்கா வீட்டுக்காரரைப் பட்டறைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நூல்’ என்றால்தான் தெரியும். ஒரு இன்ச்சை எட்டாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்குப் பட்டறைகளில் நூல் என்று பெயர். அந்த ஒரு நூலுக்காக மாமா அரை நாள் சண்டை போடுவார். எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் மெக்கானிக்கல். பட்டறைக்குப் போனால் “வாங்க இன்ஜினியர்” என்று ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். உட்கார்ந்ததும் கையில் ஸ்பானரைத் திணித்துவிடுவார்.

பதினேழு வருடம் தன் அண்ணன் பட்டறையில் இருந்தவர் அவர். லாரியின் பாரம் தாங்கும் அடிச்சட்டத்தை நடுவில் வெட்டி ஒட்டுவது அண்ணன் வழக்கம்; ஒட்டிய இடத்தில் அது என்றைக்காவது ஒடியும். அப்படிச் செய்ய மாட்டேன் என்று ஒருநாள் முறைத்துக்கொண்டு வெளியே வந்தார். தகரக் கூரை போட்டுத் தனியாக ஆரம்பித்து எட்டு மாதம். இரும்புக் கேட், டிரெய்லர் கொக்கி என்று சில்லறை வேலைகள்தான் வந்தன. திரும்பி வந்துவிடச் சொல்லி அண்ணன் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த ராணுவ லாரி வந்து நின்றது. மலைமேல் ஆழ்துளைக் கிணறு போடும் கம்பெனிக்காரர் ஏலத்தில் எடுத்தது. ஆறு சக்கரமும் இழுக்கும், சுவரில்கூட ஏறும். நீளம்தான் வில்லங்கம். மலைப்பாதையின் நாலாவது கொண்டை ஊசி வளைவில் மூன்று தடவை பின்னால் வந்து வந்து திரும்ப வேண்டும். பின்னால் பள்ளம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே மூன்றடி குறைக்கச் சொன்னார்கள். ஒரே ஒடிப்பில் திரும்பினால் இன்னும் நாலு லாரி மாமாவுக்கு வரும். இல்லாவிட்டால் எல்லாம் அண்ணன் பட்டறைக்கு. கூடவே மாமாவும் அங்கே போக வேண்டியதுதான் என்றாள் அக்கா.

மாமா சட்டத்தின் நடுப்பகுதியில் கை வைக்கவில்லை. ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துவிட்டு, பின் அச்சுகள் இரண்டையும் ஸ்பிரிங் பட்டையோடு ஒரே செட்டாக முன்னால் தள்ளி, புதுத் துளை போட்டுப் போல்ட் பூட்டினார். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த வாலை மட்டும் வெட்டினார். துளை எல்லாம் சட்டத்தின் நிமிர்ந்த பக்கத்தில்தான். மேல் மடிப்பிலோ கீழ் மடிப்பிலோ ஒன்றுகூடக் கிடையாது; அங்கே துளைத்தால் சட்டம் அங்கிருந்தே விரிசல் விடும். நான் நாலு வருடம் உட்கார்ந்து படித்ததை, ஒடிந்துபோன சட்டங்களைப் பார்த்தே அவர் தெரிந்துவைத்திருந்தார்.

அச்சு கோணாமல் இருக்கக் குறுக்கும் மறுக்குமாக டேப் பிடித்து அக்காவுக்குக் கை கடுத்துப்போனது. “என்னை ஒரே தடவை பார்த்துச் சரின்னுட்டாரு. இந்த லாரியை நாப்பது தடவை பார்த்தும் சரிங்கமாட்டேங்கிறாரு” என்றாள் என்னிடம். மாமா காதில் விழாத மாதிரி அடுத்த அளவைக் கேட்டார்.

கடைசியில் மிச்சமிருந்தது கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாப்ட். அதையும் வெட்டிக் குறைத்து மாட்டினார். சாய்வு எவ்வளவு கூடும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். சரியாகவே வந்தது.

சனிக்கிழமை காலை வளைவில் ஓட்டிப் பார்க்கக் கம்பெனி டிரைவர் வந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். லாரியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஸ்டாண்டுகளை எடுத்து அதைச் சக்கரத்தில் இறக்கியதும் மாமா அடியில் புகுந்தார். நானும் குனிந்து பார்த்தேன். அந்த ஷாப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்கும் இரண்டு துண்டு. சுருங்குவதற்கு இரண்டு விரல் இடமாவது வேண்டும். மாமாவுக்கு ஒரு விரல்தான் நுழைந்தது.

லாரியை ஸ்டாண்டில் தூக்கி வைத்தே அளந்திருந்தோம். அப்போது அச்சு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கியதும் அச்சு மேலே வந்து தூரம் குறைந்துவிட்டது. பாரம் ஏற்றினால் இன்னும் குறையும். என் தாளிலும் அச்சு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

டிரைவர் அலட்டிக்கொள்ளவில்லை. லாரி வளைவில் திரும்புகிறதா என்றுதான் முதலாளி கேட்டிருக்கிறார், காலி வண்டியைக் காட்டி வேலையை வாங்கிவிடலாம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா டேப்பைச் சுருட்டியபடி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா வெளியே வந்து கையைத் துடைத்தார். “தப்பு என்னோடது அண்ணே. தொங்கவிட்டு அளந்துட்டேன். காலியாப் போனா திரும்பும். லோடு ஏத்தினா ஷாப்ட் போய்க் கியர் பெட்டியை இடிக்கும். அவுத்துத்தான் ஆகணும்.”

“நீயே தப்புன்னு சொல்லிட்டா முதலாளி உங்க அண்ணன்கிட்ட போயிடுவாரு தம்பி.”

“போனாப் போகட்டும். இந்த வண்டி சரியாத்தான் வெளிய போகும். திங்கக்கிழமை வரைக்கும் டைம் கேளுங்க. கிணத்துக்குத் துளை போடுற கம்பி அத்தனையும் இன்னிக்கே கொண்டு வந்து ஏத்துங்க.”

டிரைவர் மீசையைத் தடவியபடி தெருப் பக்கம் போய் முதலாளியிடம் போனில் பேசினார். திங்கட்கிழமை வரைதான், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று பதில் வந்தது.

சாயங்காலம் கம்பிகள் ஏறின. ஸ்பிரிங் பட்டைகள் படிந்து லாரி உட்கார்ந்த பிறகு மாமா அளந்தார். ஷாப்ட்டில் இன்னும் ஒரு இன்ச் மூணு நூல் வெட்ட வேண்டும். ஞாயிறு முழுக்க அதே வேலை. பற்றவைக்கும் முன் ஷாப்ட்டின் இரண்டு முனையிலும் கவட்டை மாதிரிப் பிளந்திருக்கும் கவைகள் ஒரே நேராக இருக்கின்றனவா என்று சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தார். கவை மாறினால் வண்டி உதறி எடுத்துவிடும்.

திங்களன்று முழுப் பாரத்தோடு ஏறினோம். நாலாவது வளைவில் டிரைவர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். பாதி திரும்பியதும் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்து ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

“பின்னால எங்க அண்ணே போறீங்க?” என்றார் மாமா. “ரோடு முன்னாடி இருக்கு.”

டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். தடுப்புச் சுவர் ஒரு முழம் தள்ளி இருந்தது. கியரை மாற்றினார். லாரி தன்பாட்டுக்குத் திரும்பி மேலே ஏறியது.

உச்சியில் நிறுத்தியதும் மாமா அடியில் ஊர்ந்துபோய் ஷாப்ட்டில் விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. அதற்குள் டிரைவர் முதலாளியிடம் பேசிவிட்டு, மற்ற நாலு லாரிகளையும் எப்போது அனுப்பட்டும் என்று குனிந்து கேட்டார்.

“நாளைக்கேகூட அனுப்புங்க” என்றார் மாமா, படுத்தபடியே. “காலியா மட்டும் அனுப்பாதீங்க.” அப்புறம் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். “மாப்ள, கூரையை எத்தனை அடி நீட்டணும்னு கணக்குப் போடுங்க.”