நான் வரைந்தால் இடிக்கிறார்கள்

ஓவியத்துக்கு மாதிரி என்று பழைய ரப்பர் ஷீட்டைக் காரில் வைத்துப் பூட்டிய புத்திசாலி நான். மறுநாள் கதவைத் திறந்தால், அடித்த நாற்றத்தில் சிறுவயதில் பார்த்த ரந்தாவ் ரப்பர் தோட்டத்துப் புகையறையே உள்ளே உட்கார்ந்திருந்தது: இருட்டில் புகையில் உலரத் தோல்போலத் தொங்கும் ஷீட்டுகள், அடியில் கட்டைகள் புகைந்து வெடிக்கும் சத்தம், நெருப்பைப் பார்க்க அப்பா நுழைந்ததும் தானாகச் சாத்திக்கொள்ளும் இரும்புக் கதவு, அது திறக்கும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற சாயங்காலங்கள்.

தோட்டத்தின் வரலாற்றைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தப் புகையறையை வரைந்தேன், இடித்துவிட்டார்கள். அதற்குமுன் வரைந்த ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே கதிதான். நான் பென்சிலை எடுத்தால் பின்னாலேயே புல்டோசர் வரும் என்று ஊரில் பேச்சு.

இன்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் மிஞ்சியிருக்கும் கடைசி லயத்தின் முன் நாற்காலி போட்டேன். அங்கே வசிக்கும் லெட்சுமி அக்கா வாசலுக்கு வந்தார்.

"உங்க வீட்ட ஒரு படம் வரைஞ்சிக்கிறேன்க்கா."

"நாங்க இன்னும் குடியிருக்கோம், தம்பி."